நியூயார்க் அழைப்பும் என் மனைவியின் வேலையும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு இறுதியில், நான் வேலை பார்க்கும் நிறுவனம் என்னை மூன்று ஆண்டுகளுக்கு அதன் நியூயார்க் அலுவலகத்துக்கு மாற்ற விரும்புவதாகச் சொல்லி, ஆண்டுக்கு 165,000 அமெரிக்க டாலர் சம்பளம் என்று ஒரு கடிதத்தையும் கையில் கொடுத்தது. செய்தி உறவினர்களிடையே பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. வாழ்த்துச் சொன்னவர்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் அந்தத் தொகையை நம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர்கூட என் மனைவி என்ன செய்யப்போகிறார் என்று கேட்கவில்லை. நானும் முதல் வாரம் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் ஏறத்தாழப் பத்து வாரம் நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கையும், அதில் தடுக்கி விழுந்த இடங்களையும், இதே கேள்வி வாசலில் வந்து நிற்கும் மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணி எழுதுகிறேன். கடிதம் நீளமானது, வெட்டுவது உங்கள் உரிமை.

இந்த விஷயத்தில் ஒரு வீட்டுக் கணக்கு இன்னொரு வீட்டுக்கு அப்படியே பொருந்தாது என்பதால் எங்கள் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்தவன். 2005ல் வேலை அனுமதியோடு இங்கு வந்து, நிரந்தரவாசியாகி, பின்னர் குடியுரிமை பெற்றேன். மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவர்; பதினைந்து ஆண்டுகளாகத் தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியர். (நீங்களும் ஆசிரியர், அவரும் ஆசிரியர். 'ஆசிரியருக்கு எழுதுகிறேன்' என்று நான் சொன்னபோது, பக்கத்து அறையில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று மகள் கேட்டாள்.) மகன் இந்த ஆண்டு தொடக்கநிலை ஆறு, மகள் தொடக்கநிலை ஒன்று. எங்களோடு ஈசூன் வட்டாரத்தில் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மனைவியின் தாயார், என் அத்தை, இருக்கிறார்; வயது 71; நீரிழிவுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலதுறை மருந்தகத்துக்குப் போய்வருபவர்.

சம்பளக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் விசா வகை ஒரே வரியில் இருந்தது: எச்-1பி1. சிங்கப்பூரும் அமெரிக்காவும் 2003ல் கையெழுத்திட்டு, 2004 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த தடையற்ற வர்த்தக உடன்பாட்டின்கீழ், சிங்கப்பூர்க் குடிமக்களுக்கென்றே ஆண்டுக்கு 5,400 இடங்கள் ஒதுக்கப்பட்ட விசா இது. மற்ற நாட்டினர் முட்டிமோதும் எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்காவிலேயே மேற்பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000 இடங்களும்தான் உண்டு. விண்ணப்பங்கள் அதைவிட மிக அதிகம் என்பதால் குலுக்கல் நடக்கிறது. நமக்குக் குலுக்கல் இல்லை. மனிதவளப் பிரிவினர் இதை ஒரு சலுகையாகவே சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மனைவிதான் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "எனக்கு என்ன விசா?"

அவருக்குக் கிடைப்பது எச்-4. அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. எச்-1பி விசாவில் இருந்துகொண்டு, நிரந்தரவாச விண்ணப்பத்தில் குறிப்பிட்ட ஒரு கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைவருக்கு 2015 முதல் வேலை அனுமதி கிடைக்கிறது. நம்மவர்கள் பலர் அதைக் கேள்விப்பட்டு எச்-4 என்றாலே வேலை பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விதி எச்-1பி1க்கு நீளவில்லை. கடைசியில் இருக்கும் அந்த ஓர் எண், குலுக்கலிலிருந்து என்னைக் காப்பாற்றிவிட்டு என் மனைவியை வீட்டில் உட்கார வைக்கிறது. போதாக்குறைக்கு, இந்த விசா கேட்பவர் அமெரிக்காவில் குடியேறும் எண்ணம் தமக்கு இல்லை என்றும் காட்ட வேண்டும்.

வேறு வழி இருந்தது. எல்-1 என்பது ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றப்படும் மேலாளர்களுக்கும், அந்த நிறுவனத்துக்கே உரிய சிறப்பு அறிவு உடையவர்களுக்கும் தரப்படும் விசா. விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஓராண்டாவது தொடர்ந்து அந்த நிறுவனத்தின் வெளிநாட்டு அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். நான் ஆறு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். இந்த விசாவில் போகிறவரின் துணைவருக்கு எல்-2 கிடைக்கும்; 2021 நவம்பர் முதல் அவர் தனியே வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திராமல், அந்தத் தகுதியைக் கொண்டே வேலையில் சேரலாம். ஒரே ஆள், ஒரே நிறுவனம், ஒரே மேசை. விண்ணப்பத்தில் எழுதும் எழுத்து மாறினால், வீட்டிலிருக்கும் இன்னொருவரின் மூன்று ஆண்டுகள் மாறிவிடுகின்றன. இதை யாரும் தாமாக எங்களிடம் சொல்லவில்லை. மனிதவளப் பிரிவின்மீது எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு ஊழியர் நான் ஒருவன்தான். ஆனால் எல்-1 கிடைக்குமா என்று நான் கேட்டபோது, "பார்க்கலாம், நான்கைந்து மாதம் கூடுதலாகும்" என்று உடனே பதில் வந்தது. அப்படியானால் முதல் நாளே அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனிப் பணக் கணக்கு. இங்கு என் மாதச் சம்பளம் 11,000 வெள்ளி, மனைவிக்கு 6,000; இருவருக்குமாக ஆண்டுக்கு 204,000 வெள்ளி. ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் 17 விழுக்காடு இதற்கு மேல். அதற்கான மாதச் சம்பள உச்சவரம்பு 2026 ஜனவரியிலிருந்து 8,000 வெள்ளி என்பதால், என் கணக்கில் ஆண்டுக்கு 16,320 வெள்ளியும் மனைவியின் கணக்கில் 12,240 வெள்ளியும் சேரும். ஆகமொத்தம் 232,560 வெள்ளி, போனசைச் சேர்க்கவில்லை. அங்கே 165,000 டாலர் என்பது, ஒரு டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 214,500 வெள்ளி. ஓய்வுக்காலச் சேமிப்புக்கான 401(கே) திட்டத்தில் சம்பளத்தின் 4 விழுக்காட்டை நிறுவனம் போடும் என்றார்கள். அதையும் கூட்டினால் 223,080. மனைவி வேலையை விட்டால், உறவினர்கள் கைதட்டி வரவேற்ற அந்தச் சம்பள உயர்வு எங்கள் வீட்டுக்கு ஒரு சம்பளக் குறைப்பு. அதுவும் வரிக்கு முன்பே.

வரியை நினைத்தால் இன்னும் இளைக்கிறது. எங்கள் இருவரின் வருமான வரியும் சேர்ந்து இங்கே சம்பளத்தில் ஐந்து விழுக்காட்டைத் தொடுவதில்லை. நியூயார்க் நகரில் வசிப்பவரின் சம்பளத்தில் நான்கு கைகள் நுழைகின்றன: மத்திய அரசின் வருமான வரி, சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்புறுதிக்குமாக 7.65 விழுக்காடு, நியூயார்க் மாநில வருமான வரி, அதற்கும் மேலே நகர வருமான வரி. ஒரு சம்பளம், இரண்டு பிள்ளைகள் என்ற எங்கள் நிலைக்கு நான் போட்டுப் பார்த்ததில் மொத்தம் 27 விழுக்காட்டுக்கு அருகில் வந்தது. கடையில் விலைச்சீட்டைப் பார்த்துக் காசை எண்ணி வைத்தாலும் போதாது, 8.875 விழுக்காட்டு விற்பனை வரி பெரும்பாலான பொருள்களுக்குக் கல்லாவில்தான் சேரும். நம் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியை விட அது சற்றுக் குறைவு என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். உணவகத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை அன்பளிப்பு வைக்காமல் எழுந்து வர முடியாது என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும்.

அந்த நான்கில் சமூகப் பாதுகாப்பு வரிதான் என்னை அதிகம் உறுத்தியது. சம்பளத்தில் 6.2 விழுக்காடு, அதாவது என் கணக்கில் ஆண்டுக்கு 10,230 டாலர், அதற்குப் போகிறது. அதிலிருந்து ஓய்வூதியம் பெறப் பொதுவாகப் பத்து ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். பல நாடுகள் அமெரிக்காவோடு உடன்பாடு செய்துகொண்டு, தங்கள் குடிமக்கள் இரு பக்கமும் கட்டாதபடியும், இரு நாட்டு ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ளும்படியும் வழிசெய்துள்ளன. சிங்கப்பூருக்கு அத்தகைய உடன்பாடு இல்லை. இரட்டை வருமான வரியைத் தவிர்க்கும் உடன்பாடும் இல்லை. மூன்று ஆண்டில் திரும்பி வருகிறவர் 30,000 டாலருக்கு மேல் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். அந்த மூன்று ஆண்டுகளில் இங்கே மத்திய சேமநிதியில் சேர்ந்திருக்க வேண்டிய தொகையும் சேர்ந்திருக்காது. ஒரு பள்ளம் இரண்டாகிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் வரிக்குரிய வசிப்பாளராக ஆனவர், உலகின் எந்த மூலையில் சம்பாதித்ததையும் அங்கே காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ள தொகை எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனியாக ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். தவறினால் அபராதம் கடுமை. நம்மவர்கள் வங்கியில் மாதம் நூறு, இருநூறு என்று போட்டுவரும் யூனிட் டிரஸ்ட் போன்ற முதலீடுகளுக்கு அங்கே தனிப்பட்ட, இரக்கமற்ற வரி விதிகள் உள்ளன. புறப்படுவதற்கு முன்பே இவற்றை ஒரு வரி ஆலோசகரிடம் காட்டுவது நல்லது. விமானம் ஏறிய பின் காட்டினால் தாமதம்.

இத்தனையும் பணம், பணத்தில் ஏற்படும் பள்ளத்தை எல்-2 விசாவில் மனைவி வேலை பார்த்து நிரப்பிவிடலாம் என்றுதான் நான் வாதாடினேன். அப்போதுதான் அவர் என்னைக் கேட்டார்: "அனுமதி இருக்கும், சரி. வேலை எங்கே இருக்கும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருந்து, அரசாங்கப் பள்ளிகளில் தொடக்கநிலை ஒன்றிலிருந்து பாடமாக நடத்தப்பட்டு, அதை நடத்துபவருக்கு மற்றப் பாட ஆசிரியரைப் போலவே சம்பளமும் பதவி உயர்வும் உள்ள நாடுகள் உலகில் எத்தனை? விரல்விட்டு எண்ணினால் ஒரு கை போதும். நியூயார்க், நியூ ஜெர்சி வட்டாரத்தில் தமிழ்ப் பள்ளிகள் இல்லாமல் இல்லை. சனி, ஞாயிறுகளில், இரவல் வாங்கிய வகுப்பறைகளில், பிள்ளைகளின் பெற்றோர்களே பாடம் நடத்தும் பள்ளிகள் அவை. அவர்களின் உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் அது தொண்டு. பதினைந்து ஆண்டு பயிற்சி பெற்ற ஒருவர், தாம் தொழிலாகச் செய்ததை அங்கே சனிக்கிழமைக் காலைத் தொண்டாகச் செய்யலாம். திங்கள் முதல் வெள்ளி வரை வேறு ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம். வேறு பாடம் நடத்தலாமே என்றால், அங்கே அரசாங்கப் பள்ளியில் கற்பிக்க அந்தந்த மாநிலத்தின் ஆசிரியர் சான்றிதழ் வேண்டும். அதைப் பெறுவதற்குள் மூன்று ஆண்டில் பெரும்பகுதி ஓடிவிடும். ஒரு மென்பொருள் பொறியாளரின் தொழில் எந்த ஊருக்கும் பெட்டியில் மடித்து எடுத்துப்போகக்கூடியது. தமிழாசிரியரின் தொழில் இந்த மண்ணோடு ஒட்டியது. வீட்டில் இரண்டு தொழில் இருந்து, அவற்றில் ஒன்றைத்தான் எடுத்துப்போக முடியும் என்றால், அழைப்பு யாருக்கு வந்ததோ அவருடைய தொழிலே எடுத்துப்போகத் தக்கது என்று நாம் ஏன் பேசாமலே முடிவு செய்துவிடுகிறோம்? என் மனைவியிடம் இதைக் கேட்டால் அவர் சிரிக்கிறார். சிரிப்பின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

மூன்று ஆண்டுதானே என்பார்கள். மூன்று ஆண்டுக்கென்று போனவர்களில் எத்தனை பேர் மூன்றாவது ஆண்டில் திரும்பினார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நானே 2005ல் "இரண்டே வருஷம்" என்று என் தாயாரிடம் சொல்லிவிட்டு வந்தவன். ஆகவே நிரந்தரவாச உரிமை, அதாவது கிரீன் கார்டு, பற்றியும் பார்த்துவைத்தோம். அதில், தமிழ்நாட்டில் பிறந்த நம் வாசகர்களுக்கு முக்கியமான ஒரு செய்தி கிடைத்தது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. அந்த நாடு எது என்பதைக் கையிலுள்ள கடப்பிதழ் தீர்மானிப்பதில்லை. பிறந்த இடமே தீர்மானிக்கிறது. எனக்குச் சிவப்புக் கடப்பிதழ் இருந்தும், தேசிய தினத்தில் சன்னலில் கொடி கட்டியும், அமெரிக்கக் குடிநுழைவு வரிசையில் நான் இந்தியாவின் வரிசையில், பல்லாண்டுகள் நீளும் வால் பகுதியில், நிற்க வேண்டியவன். நல்லவேளையாக விதியிலேயே ஒரு சன்னல் இருக்கிறது: கணவனும் மனைவியும் வெவ்வேறு நாட்டில் பிறந்திருந்தால், துணைவர் பிறந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மனைவி பிறந்தது சிங்கப்பூரில், கேகே மருத்துவமனையில். வேலை பார்க்க வழியில்லாத விசாவில் என்னோடு வரவிருந்தவரின் பிறப்புச் சான்றிதழ்தான், தேவைப்பட்டால், என்னை அந்த வரிசையிலிருந்து மீட்கும். கணவன், மனைவி இருவருமே இந்தியாவில் பிறந்து இங்கே குடிமக்களான குடும்பங்களுக்கு இந்தச் சன்னலும் இல்லை. அவர்கள் இதை முதலிலேயே அறிந்துகொண்டு கிளம்பட்டும்.

மகனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவனுக்கு அடுத்த ஆண்டு 13 வயது. தேசிய சேவைக் கடப்பாடு (இளைஞர்கள் ராணுவம் போன்ற படைகளில் கட்டாயமாகச் செய்யும் சேவை) உள்ள பையன் 13 வயதிலிருந்து மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க அனுமதி பெற வேண்டும். இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பிணையும் தர வேண்டும். பிணையின் அளவு 75,000 வெள்ளி அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. எங்களுக்கு அது 102,000 வெள்ளி. அவன் திரும்பி வந்து சேவை செய்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை என்பதால் இதை நான் ஒரு தடையாகக் கருதவில்லை, திரும்பி வரத்தான் போகிறான். எனக்குக் கவலை கொடுத்தது பள்ளி. இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எழுதிவிட்டுப் போனாலும், 15 வயதில் திரும்பும்போது உயர்நிலை மூன்றில் நடுவழியில் ஏற வேண்டும். நாடு திரும்பும் சிங்கப்பூர் மாணவர்களுக்காகக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் ஒரு சேர்க்கைத் தேர்வு நடத்துகிறது, கதவு மூடியிருக்கவில்லை. ஆனால் கதவுக்கு அந்தப்பக்கம் தாய்மொழிப் பாடம் இருக்கிறது. மூன்று ஆண்டு தமிழைத் தொடாத பையன், தமிழாசிரியரின் மகன், தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கும் காட்சியை என் மனைவி ஒருமுறை கற்பனை செய்து பார்த்துவிட்டு அன்றிரவு பேசவேயில்லை.

அத்தையின் நிலை இவை எல்லாவற்றையும்விட எளிமையானது: அவருக்கு விசாவே இல்லை. எங்கள் விசாக்களில் துணைவரும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும்தான் குடும்பம், பெற்றோர் குடும்பமல்ல. சிங்கப்பூர்க் கடப்பிதழில் எஸ்டா என்ற முன்னனுமதியைப் பெற்று 90 நாள் வரை அவர் வந்து தங்கலாம். அதற்குப் பயணக் காப்புறுதி எடுத்தாலும், ஏற்கெனவே இருக்கும் நீரிழிவை எத்தனை காப்புறுதிகள் ஏற்கும்? எங்கள் வீவக வீட்டின் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்துவிட்டது, நாங்கள் குடிமக்கள், ஆகவே முழு வீட்டையும் வாடகைக்கு விட அனுமதி கிடைக்கும், மாதம் 3,000 வெள்ளி வரும் என்று நான் ஒரு தாளில் எழுதியிருந்தேன். அந்தத் தாளைப் பார்த்து மனைவி, "அம்மா எந்த அறையில் இருப்பார்கள்?" என்று கேட்டபோதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. மைத்துனர் உட்லண்ட்சில் மூவறை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். அத்தையை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "நான் எங்கே ஓடிவிடப் போகிறேன், போய்விட்டு வாருங்கள்" என்று அத்தை சொன்னார். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம் வித்தியாசம். இடைநில்லா விமானத்திலேயே 18 மணி நேரத்துக்கு மேல். இங்கே நள்ளிரவில் அவருக்குச் சர்க்கரை இறங்கினால் அங்கே நான் மதிய உணவு வாங்க வரிசையில் நின்றுகொண்டிருப்பேன்.

மருத்துவத்தைப் பற்றி நண்பர்கள் நிறையப் பயமுறுத்தினார்கள். அங்கே சிகிச்சை மோசமில்லை. உலகின் மிகச் சிறந்த மருத்துவமனைகள் சில அந்த நகரில்தான் உள்ளன. பிரச்சினை, காப்புறுதி வேலையோடு கட்டப்பட்டிருப்பது. இங்கே வேலை போனாலும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி போகாது. அங்கே வேலை போனால், நிறுவனக் காப்புறுதியைக் கோப்ரா என்ற சட்டத்தின்கீழ் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுக் கட்டணத்தையும் நாமே கட்ட வேண்டும். கூடவே, எங்களைப் போன்ற விசாக்காரர்களுக்கு வேறு வேலையோ வேறு வழியோ தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். வேலை, காப்புறுதி, நாட்டில் இருக்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் அந்தக் கயிறு அறுந்தால் சமாளிக்கலாம். ஒருவர் சம்பாதிக்கும் வீட்டில் எப்படி என்பதை நான் நினைக்க விரும்பவில்லை.

நகரத்தை நான் வெறுக்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2023ல் அலுவலக வேலையாக மூன்று வாரம் குவீன்ஸ் வட்டாரத்தில் தங்கினேன். ஃபிளஷிங்கில் 1977ல் குடமுழுக்கு நடந்த கணேசர் கோயிலின் கீழ்த்தளத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி சாம்பாரை ரசித்துக் குடிப்பதைப் பார்த்தபோது, நம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இருப்பது போலவே இருந்தது. இரவு முழுக்க ஓடும் சுரங்க ரயில் (நிலையங்களின் அழுக்கை மன்னித்துவிடலாம்), கிளை கிளையாக விரிந்த பொது நூலகங்கள், 2024 முதல் தீபாவளிக்கு விடுமுறை விடும் நகரப் பள்ளிகள் எல்லாம் மனத்தைக் கவரக்கூடியவை. திருமணமாகாத 27 வயது இளைஞனாக இருந்திருந்தால் கடிதம் வந்த அன்றே கையெழுத்திட்டிருப்பேன். அப்படிப்பட்ட இளைஞர்கள் போகத்தான் வேண்டும். வாடகைக்கு வீடு பிடிக்கும்போது மட்டும் அவர்கள் தயாராக இருக்கட்டும்: ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல் 40 மடங்கு இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் பரவலாக எதிர்பார்க்கிறார்கள், அங்கே கடன் வரலாறு இல்லாத புதியவரை நம்பத் தயங்குகிறார்கள். பள்ளியில் துப்பாக்கிக்காரன் நுழைந்தால் ஒளிந்துகொள்ள ஆண்டுக்குப் பலமுறை பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்பதை நான் மனைவியிடம் தாமதமாகத்தான் சொன்னேன். அவர் ஏற்கெனவே படித்துவைத்திருந்தார்.

ஜனவரி இறுதியில் நியூயார்க் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பதவி உயர்வு இரண்டு ஆண்டு தள்ளிப்போகும் என்று மேலதிகாரி மறைமுகமாகச் சொன்னார், போகட்டும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மார்ச் மாதத்தில், அடுத்த ஆண்டு ஹியூஸ்டன் அலுவலகத்துக்குப் போக விருப்பமா என்று மறுபடியும் கேட்கிறார்கள். டெக்சசில் மாநில வருமான வரி கிடையாது. வீட்டு வாடகை குறைவு. பக்கத்துப் பியர்லண்டில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. இங்கிருந்து நேரடி விமானம் இல்லை. கார் இல்லாமல் பால் வாங்கப் போக முடியாத ஊர். இங்கே கார் வாங்கத் தேவைப்படும் வாகன உரிமைச் சான்றிதழின் விலை ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியதிலிருந்து கார் ஆசையை விட்டுவிட்ட எனக்கு அங்கே ஒன்றல்ல, இரண்டு கார் தேவைப்படும். இந்த முறை சம்பளத்தைக் கேட்கவில்லை. எந்த விசா, துணைவர் வேலை பார்க்கலாமா, வேலை போனால் காப்புறுதியையும் குடும்பம் திரும்பும் விமானச் செலவையும் எத்தனை மாதம் யார் ஏற்பது, மகன் படிப்பை முடிக்கும்வரை தள்ளிவைக்க முடியுமா என்று நான்கு கேள்விகளை எழுதி அனுப்பி, அவற்றுக்குப் பதில் வரும் நாளில் மனைவியோடு வந்து உட்கார்ந்து பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மனிதவளப் பிரிவில் இப்படி ஒரு கோரிக்கை இதுவரை வந்ததில்லையாம்.

ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்கள் இங்கு ஏராளம். சம்பளக் கடிதம் கொடுக்கும் முன்பே கணவன், மனைவி இருவரையும் அழைத்து, துணைவரின் விசா நிலையையும் ஓய்வுக்காலச் சேமிப்பில் விழும் இடைவெளியையும் எழுத்தில் தருவதை அவை வழக்கமாக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களிடமும் ஓர் உதவி. உயர்நிலை இரண்டிலோ மூன்றிலோ படிக்கும் பிள்ளையோடு அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள், தமிழ்ப் பாடத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதை இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். ஹியூஸ்டனுக்குப் பதில் சொல்ல மே மாத இறுதிவரை அவகாசம் இருக்கிறது. மனைவி அந்தக் கடிதங்களுக்காகக் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்